ஆறு பேட்டரியில் ஓடிய ஃபார்முலா ஒன்

1993 ஏப்ரல் 11, இங்கிலாந்தின் டோனிங்டன் பார்க். விட்டு விட்டுப் பெய்த மழையில் நடந்த ரேஸ் முடிந்து, வெற்றி மேடையில் நிற்கிறார் அயர்ட்டன் சென்னா. அவர் கையில் இருக்கும் பரிசைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆமாம், அதேதான், சோனிக்! வீடியோ கேமில் வளையம் வளையமாகப் பொறுக்கிக்கொண்டு ஓடும் அந்தக் குறும்புக்கார முள்ளெலி, ஃபார்முலா ஒன் மேடையில் கோப்பையாக நிற்கிறது!

இதில் உள்ள கூத்து புரிய அன்றைய நிலவரம் தெரிய வேண்டும். பந்தயத்துக்குப் பணம் போட்டது, சோனிக்கைப் பெற்றெடுத்த ஜப்பானின் செகா கம்பெனி. பந்தயத்தின் பெயரிலேயே செகா இருந்தது. அதே செகா, அந்த வருடத்தின் அசுர அணியான வில்லியம்ஸுக்கும் விளம்பரதாரர். வில்லியம்ஸில் அலெய்ன் ப்ரோஸ்டும் டேமன் ஹில்லும் ஓட்டினார்கள். சென்னாவோ எதிரணியான மெக்லாரனில், சக்தி குறைந்த ஃபோர்டு இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முறைப்படி செகா கோப்பை, செகா பெயர் எழுதிய காருக்குத்தான் போயிருக்க வேண்டும். புறப்பட்டதும் ஐந்தாம் இடத்துக்கு நழுவிய சென்னா என்ன செய்தார் தெரியுமா? ஷூமாக்கர், வெண்ட்லிங்கர், ஹில், ப்ரோஸ்ட் என்று நான்கு பேரையும் முதல் சுற்று முடிவதற்குள் தாண்டிவிட்டார். கடைசியில் ஹில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரு சுற்றாவது பின்னுக்குத் தள்ளியிருந்தார். அன்றைய அதிவேகச் சுற்றைக்கூட, கார்கள் டயர் மாற்ற ஒதுங்கும் பிட் லேனுக்குள் புகுந்து, நிற்காமலே வெளியே வந்து போட்டார்! அப்போது பிட் லேனில் வேகக் கட்டுப்பாடு கிடையாது.

மெக்லாரன்காரர்களுக்குக் குஷி தாங்கவில்லை. அந்த சீஸனில் வில்லியம்ஸை ஜெயிக்கும்போதெல்லாம், நசுங்கிச் செத்த முள்ளெலி ஒன்றைத் தங்கள் காரில் ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டார்கள்.

ஆனால் கதையின் சுவையான பகுதி இதற்கு ஒரு வருடம் முன்னால் இருக்கிறது. செகாவின் முள்ளெலியை நசுக்கிய இதே சென்னாவின் பெயர், 1992லேயே செகாவின் ஒரு வீடியோ கேம் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது: 'அயர்ட்டன் சென்னாஸ் சூப்பர் மொனாக்கோ ஜிபி 2'. வீட்டு டிவியில் ஆடும் மெகா டிரைவ், மாஸ்டர் சிஸ்டம் இரண்டுக்கும் வந்தது. கூடவே கையடக்க கேம் கியருக்கும் வந்தது. நமக்கு வேண்டியது அந்தக் கடைசி ஆள். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் மனிதரின் பெயரை, ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எப்படி அடைத்தார்கள்? வாருங்கள், பின்மூடியைக் கழற்றுவோம்.

உள்ளே போகுமுன் ஒரு கிசுகிசு. சென்னா கையெழுத்துப் போடுவதற்கு முன்பே செகாவின் ஆட்டத்துக்குள் அவருடைய நிழல் புகுந்துவிட்டது! 1989இல் ஆர்கேட் கடைகளுக்கு வந்த முதல் 'சூப்பர் மொனாக்கோ ஜிபி', அடுத்த வருடம் மெகா டிரைவுக்கு வந்தது. அதில் நிஜ அணிகளின் பெயர் ஒன்றும் கிடையாது. 'மடோனா' என்று ஓர் அணி. ஃபார்முலா ஒன் பார்த்தவர்களுக்கு அது மெக்லாரன்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. கஷ்டப்பட்டு ஒரு சீஸனை ஜெயித்து அந்த மடோனா இருக்கையில் ஆட்டக்காரர் சொகுசாக உட்கார்ந்ததும், இரண்டாவது சீஸனில் புதிதாக ஒருவன் வந்து சவால் விடுவான். பெயர் ஜி. சியாரா. சென்னா பிறந்த பிரேசிலில் சியாரா என்றே ஒரு மாநிலம் இருக்கிறது. போதுமா? அவனைத் தோற்கடிக்க முடியாமல் கன்ட்ரோலரை வீசியெறிந்த சிறுவர்கள் உலகமெங்கும் உண்டு. இரண்டாம் பாகத்தில் முகமூடி கழன்றது. மற்ற டிரைவர்களெல்லாம் கற்பனைப் பெயரோடு சுற்ற, ஒரே ஒருவர் மட்டும் நிஜப் பெயரோடு வந்தார்.

டிரைவர் பெயரை அட்டையில் போடுவது அந்தக் காலத்தில் பெரிய வியாபாரம். அதில் நடந்த சில வித்தைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். ஃபார்முலா ஒன்னில் முழு சீஸன் ஓட்டிய முதல் ஜப்பானியர் சடோரு நகாஜிமா. 1987இல் லோட்டஸ் அணியில் சென்னாவுக்குச் சக டிரைவர். அவர் பெயரில் 'எஃப்-1 ஹீரோ' என்ற வரிசை ஜப்பானில் வந்தது, செகாவின் போட்டியாளரான நின்ட்டெண்டோவின் கையடக்க கேம் பாய்க்கும் சேர்த்து. அதன் டிவி பதிப்பு அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் நகாஜிமா மாயமானார். அட்டையில் அமெரிக்க டிரைவர் மைக்கேல் ஆன்ட்ரெட்டி உட்கார்ந்திருந்தார்! டேட்டா ஈஸ்ட் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. ஜப்பானில் எந்த டிரைவர் பெயரும் இல்லாமல் விற்ற ஒரு ரேஸ் ஆட்டத்துக்கு, அமெரிக்காவில் அந்நாட்டு டிரைவர் ஆல் அன்சர் ஜூனியரின் பெயரைச் சூட்டி விற்றது. ஊர் மாறினால் டிரைவர் மாறுவார், உள்ளே ரேஸ் ஏறக்குறைய அதேதான். 1992இல் சாம்பியனான நைஜல் மேன்செல்லின் பெயரிலும் ஓர் ஆட்டம் கேம் பாய் வரை வந்தது. அதன் பெரிய பதிப்புகளில் மேன்செல் பக்கத்திலிருந்து ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பகுதி உண்டு. இது கொஞ்சம் மரியாதையான ஏற்பாடு.

சென்னா ஏற்பாடு அதையும் தாண்டியது. மெகா டிரைவ் பதிப்பில் ஒவ்வொரு சர்க்யூட்டைப் பற்றியும் அவருடைய ஆலோசனை வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பெயரிலேயே தனியாக ஒரு போட்டிப் பிரிவு. அதில் அவரே யோசித்துத் தந்த சர்க்யூட்டுகளோடு அவருடைய சொந்தத் தோட்டத்தின் கோ-கார்ட் தடமும் இருந்தது. சாவோ பாலோ மாநிலத்தின் டட்டூயி என்ற ஊரில் சென்னாவுக்கு ஒரு பண்ணை. சீஸன் இல்லாத நாட்களில் அங்கே போய், ரேடியோவில் இயங்கும் குட்டி விமானங்களைப் பறக்கவிட்டு, தன் கார்ட் தடத்தில் சுற்றுவார். மூன்று முறை உலக சாம்பியனான ஒருவருடைய வீட்டுக் கொல்லையில் யாரோ ஒரு பள்ளிச் சிறுவன் பொத்தானை அழுத்திக்கொண்டு கார் ஓட்டலாம்! மற்ற டிரைவர்கள் பெயரைத் தந்தார்கள். இவர் பெயரோடு தன் வீட்டுச் சாலையையும் தந்தார். எனக்கு இந்த ஆட்டத்தின்மேல் இருக்கும் கிறுக்குக்கு முழுக் காரணம் இதுதான்.

சென்னாவையே செகா ஏன் பிடித்தது என்பதில் மர்மம் ஏதுமில்லை. அவர் பிரேசிலியர், ஆனால் ஜப்பானில் சினிமா நட்சத்திர அந்தஸ்து. அப்போது ஓட்டியது ஹோண்டா இன்ஜின். 1988, 1990, 1991 என்று மூன்று பட்டங்களும் உறுதியானது ஜப்பானின் சுசுகா சர்க்யூட்டில். பிரேசிலிலோ டெக்டாய் என்ற கம்பெனி செகாவின் பெட்டிகளை விற்றுக் கொழித்துக்கொண்டிருந்தது. வேறு பல நாடுகளில் நின்ட்டெண்டோவிடம் தோற்ற மாஸ்டர் சிஸ்டம் அங்கே ராஜா. ஒரே பெயர், இரண்டு சந்தை. கணக்கு யாருக்குத்தான் புரியாது?

சரி, ஸ்குரூ டிரைவரை எடுங்கள். ஜப்பானில் 1990 அக்டோபரில் கேம் கியர் வந்தபோது அதன் பெருமையே வண்ணம்தான். நின்ட்டெண்டோவின் கேம் பாய் ஒரு பச்சைத் திரையில் நான்கு சாயல்களை வைத்துக்கொண்டு குப்பை கொட்டிக்கொண்டிருந்தது. கேம் கியரிடம் 4,096 நிறங்கள்! ஒரு சமயத்தில் 32 மட்டும் எடுத்துக்கொள்ளலாம். திரைக்குப் பின்னால் ஒரு குட்டி ஃப்ளோரசன்ட் குழல்விளக்கு எரியும், அதனால் போர்வைக்குள்ளும் ஆடலாம். மூளை, ஸைலாக் கம்பெனியின் இஸட்80. 1976இல் பிறந்த அந்த சிப்பின் தனி வடிவத்துக்கு 2024இல்தான் ஸைலாக் கடைசி ஆர்டர் வாங்கி மூடுவிழா நடத்தியது. நினைவகம் 8 கிலோபைட். தவறாகப் படிக்கவில்லை, எட்டு கிலோபைட்தான். உங்கள் போனில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படம் இதைப்போல் பல மடங்கு இருக்கும்.

உள்ளுக்குள் கேம் கியர் ஏறக்குறைய மாஸ்டர் சிஸ்டத்தின் தம்பி. அண்ணனின் கார்ட்ரிட்ஜைத் தம்பியில் சொருக ஓர் அடாப்டர்கூட விற்றார்கள். ஆனால் தம்பியின் ஜன்னல் சின்னது. அண்ணன் 256க்கு 192 பிக்செல் காட்டுவார். தம்பி அதன் நடுவிலிருந்து 160க்கு 144 மட்டும் காட்டுவான். பரப்பளவில் பாதிக்கும் குறைவு. புதிர் ஆட்டத்துக்கு இது பரவாயில்லை. ரேஸ் ஆட்டத்துக்கு? வரப்போகும் வளைவு கண்ணில் படுவதே பிழைப்பு. அந்தத் தபால்தலை அளவு ஜன்னலில் அடிவானம், சாலை, எதிரிகளின் கார்கள், வேகம், கியர், எத்தனையாவது இடம் என்று எல்லாம் உட்கார வேண்டும்.

இப்போது வருகிறது எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி தரும் பகுதி. அந்தத் திரையில் தெரியும் சாலை, சாலையே இல்லை!

முப்பரிமாணக் கணக்குப் போட இஸட்80க்குத் தெம்பு கிடையாது. பெருக்கல் செய்யவே அதற்குத் தனிக் கட்டளை இல்லை. கூட்டிக் கூட்டித்தான் பெருக்க வேண்டும். ஆகவே அந்தக் காலத்து 8-பிட் ரேஸ் ஆட்டங்களின் நிரலாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். அடியில் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகியும் நேரான ஒரு சாலைப் படத்தை வரைந்து வைத்துவிடுவார்கள். திரை ஒரே வீச்சில் வரையப்படுவதில்லை, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக வரும். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் திரையை வரையும் சிப்பை லேசாகத் தட்டி, "இந்த வரியை மட்டும் ஐந்து பிக்செல் இடப்பக்கம் நகர்த்து" என்று சொல்லிவிடலாம். அடுத்த வரிக்கு மூன்று, அதற்கடுத்து இரண்டு. சீட்டுக்கட்டை மேசையில் வைத்து மேல் சீட்டுகளை விரலால் சாய்த்துத் தள்ளினால் கட்டு வளைந்து தெரியுமே, அதேதான். நேர் சாலை இடப்பக்க வளைவாகிவிட்டது!

இதைச் செய்ய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்தால் மூச்சு முட்டும். இஸட்80 நொடிக்குச் சுமார் 35 லட்சத்து 80 ஆயிரம் முறை துடிக்கும். நொடிக்கு 60 படம், படத்துக்கு 262 வரி. வகுத்துப் பாருங்கள்: ஒரு வரிக்குக் கிடைப்பது 228 துடிப்பு. ஒரு கட்டளைக்கு நான்கிலிருந்து இருபத்து மூன்று துடிப்பு வரை செலவாகும். ஆக ஒவ்வொரு வரிக்கும் ஏறத்தாழ முப்பது கட்டளை, அவ்வளவுதான் சம்பளம். அதற்குள் வளைவைக் கணக்கிட்டு, நகர்த்தி, அடுத்த வரிக்குத் தயாராக வேண்டும். ஒரு கட்டளை அதிகமானால் சாலை கிழிந்து தெரியும். சென்னா டோனிங்டனில் எண்ணிய நொடிகளைவிட இவர்கள் எண்ணிய துடிப்புகள் கெடுபிடியானவை என்று சொன்னால் ரேஸ் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வேறு சிலர் இந்த வம்பே வேண்டாமென்று, வளைந்த சாலைப் படங்களை முன்கூட்டியே வரைந்து கார்ட்ரிட்ஜில் அடுக்கி, சினிமா ரீல் மாதிரி மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நினைவகத்துக்குச் செலவு, மூளைக்கு ஓய்வு. எதை எவ்வளவு கலப்பது என்பது அந்தந்தக் குழுவின் தொழில் ரகசியம்.

வளைவு சரி, வேகம்? அதுவும் ஏமாற்றுதான், அதுவும் அருமையான ஏமாற்று. சாலையோரத்துச் சிவப்பு வெள்ளைக் கட்டங்கள் உங்களை நோக்கி ஓடி வருகின்றன அல்லவா? பெரும்பாலும் ஒரு பிக்செல்கூட நகர்வதில்லை. நிறங்களின் பட்டியலில் சிவப்பை வெள்ளையாகவும் வெள்ளையைச் சிவப்பாகவும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கண் அதை ஓட்டம் என்று நம்பிவிடுகிறது. மாற்றும் வேகம் எல்லை மீறினால் கட்டங்கள் பின்னோக்கி ஓடுவதுபோல் தெரியும், பழைய சினிமாவில் ஜட்கா வண்டிச் சக்கரம் தலைகீழாகச் சுற்றுமே, அந்தக் கோளாறு. அதனால் உச்ச வேகத்துக்கு ஒரு வேலி போட்டுவைப்பார்கள்.

இதையும்விட எளிய ஏமாற்றை நம்மூர்க்காரர்கள் விரலால் தொட்டிருக்கிறார்கள். 90களில் திருவிழாக் கடைகளில் தொங்கிய '9999 இன் 1' பிரிக் கேமை மறக்க முடியுமா? பத்துக்கு இருபது கட்டம், அதில் ஏழே ஏழு கட்டத்தில் ஒரு ரேஸ் கார்! இரண்டு ஓரத்திலும் கோடுகள் விட்டு விட்டுக் கீழே இறங்கும். காரோ நின்ற இடத்திலேயே நிற்கும். அதை ஆடியபோது நாமெல்லாம் நிஜமாகவே உடம்பைச் சாய்த்தோம், இல்லையா?

திரும்ப மொனாக்கோவுக்கு வருவோம். அந்தக் காலத்தில் நிஜ மொனாக்கோ சர்க்யூட் 3.3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 78 சுற்று. சென்னா அங்கே ஆறு முறை வென்றார், கடைசி ஐந்தும் 1989 முதல் 1993 வரை வரிசையாக. 1988இல் தகுதிச் சுற்றில் அப்போதைய சக டிரைவர் ப்ரோஸ்ட்டைவிட கிட்டத்தட்ட ஒன்றரை நொடி வேகமாக ஓட்டி எல்லோர் வாயையும் பிளக்க வைத்துவிட்டு, ரேஸில் அசைக்க முடியாத முன்னிலையில் இருந்தபோது போர்ட்டியே வளைவில் சுவரில் மோதிக்கொண்டார். செயின்ட் டெவோட், கசினோ சதுக்கம், ஹோட்டலுக்கு முன்னால் வரும் கொண்டை ஊசி வளைவு, கடலோரச் சுரங்கம், நீச்சல்குளம் என்று ஊர்த்தெருக்களுக்குள் நெளியும் சாலை அது.

இவ்வளவும் கார்ட்ரிட்ஜுக்குள் எப்படி இருக்கிறது? ஊர் இல்லை, கடல் இல்லை, வரைபடமும் இல்லை. எண்களின் ஒரு பட்டியல் இருக்கிறது. நேராக இவ்வளவு தூரம், பிறகு வலப்பக்கம் மூன்று பங்கு வளைவு, பிறகு நேர், பிறகு இடப்பக்கம் ஆறு பங்கு. முடிந்தது மொனாக்கோ! நிஜச் சாலையில் ஒரு முழுச் சுற்று வந்தால் கார் புறப்பட்ட திசையையே பார்த்து நிற்க வேண்டும். இந்தப் பட்டியலில் அந்த நியாயம் தேவையே இல்லை. எல்லா வளைவுகளையும் கூட்டினால் மொனாக்கோ ஒரு வட்டமாக மூடாமல் எங்கோ மத்தியதரைக் கடலுக்குள் போய் விழலாம், ஆட்டத்துக்குக் கவலையில்லை. திரை மூலையில் தெரியும் அழகான குட்டி வரைபடம் தனியாக ஒருவர் வரைந்த படம். அதன்மேல் ஒரு புள்ளியை 'இவ்வளவு தூரம் ஓடியாயிற்று' என்ற கணக்கில் நகர்த்துகிறார்கள். சாலைக்கும் வரைபடத்துக்கும் நேரடிப் பேச்சுவார்த்தையே கிடையாது.

சென்னா போன்ற ஒருவரின் ஆலோசனைக்கு இங்கேதான் மதிப்பு வருகிறது. எண்களின் பட்டியலுக்கு உயிர் கொடுப்பது வரிசைதான். எந்த வளைவுக்குப் பிறகு எது, எங்கே பிரேக் பிடிக்க வைத்து எங்கே ஏமாற்றுவது, எத்தனை மீட்டர் நேர்சாலை கொடுத்தால் ஆட்டக்காரருக்கு ஆணவம் வரும்! கார்ட் தடத்தில் சின்ன வயதிலிருந்து புரண்டவருக்கு இதெல்லாம் அத்துப்படி.

எதிரிகளின் கார்கள் வேறொரு தலைவலி. ஆர்கேட் 'சூப்பர் மொனாக்கோ' ஓடிய செகாவின் எக்ஸ் போர்டில், படங்களைப் பெரிதாக்கிச் சிறிதாக்கவே தனி வன்பொருள் இருந்தது. தூரத்துப் புள்ளி மெல்ல மெல்லப் பெருத்துக் காராக உங்கள் முகத்தின்முன் வந்து நிற்கும். கேம் கியரில் அந்த வசதி பூஜ்யம். அதனால் ஓவியர் ஒரே காரைப் பல அளவுகளில் கையால் வரைய வேண்டும்: புள்ளி, கொஞ்சம் பெரிய புள்ளி, சக்கரம் தெரியும் பொடி, இறக்கை தெரியும் குட்டி, கடைசியில் முழுக் கார். நெருங்க நெருங்கப் படத்தை மாற்றுவார்கள். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஸ்ப்ரைட் என்னும் நகரும் துண்டுப்படங்கள் ஒரு வரியில் எட்டுக்குமேல் வரக்கூடாது. ஒவ்வொன்றும் எட்டு பிக்செல் அகலம். பல துண்டு சேர்ந்தால்தான் ஒரு கார். மூன்று கார் அருகருகே வந்தால் ஒன்பதாவது துண்டு காணாமல் போகும்! கார்கள் மினுக்கி மினுக்கித் தெரிவதை 'பழைய கேம் அப்படித்தான்' என்று நினைத்திருப்பீர்கள். அது இந்த எட்டின் வேலை. முறை வைத்து ஒருவரை மறைத்து மறைத்துக் காட்டியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு அந்தக் காலத்து எல்சிடி திரை மந்தம். நகரும் எதுவும் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டே போகும். ரேஸ் ஆட்டத்துக்கு மட்டும் அது வேக மயக்கமாகத் தோன்றியது யாருடைய அதிர்ஷ்டமோ.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக: மூன்று ஸ்வரம், ஓர் இரைச்சல், இவ்வளவுதான் அந்த ஒலிச் சிப்பின் கச்சேரி. 1991இன் மெக்லாரன் காரில் பன்னிரண்டு சிலிண்டர் ஹோண்டா இன்ஜின், கையால் மாற்றும் ஆறு கியர். அந்தக் கர்ஜனைக்குப் பதிலாக இங்கே கொசு. ஆனால் கெட்டிக்காரக் கொசு! வேகம் ஏற ஏறச் சுருதி ஏறும். கியர் மாற்றியதும் சட்டென்று இறங்கி மறுபடி ஏறும். காதை மூடிக்கொண்டு ஆடிப் பாருங்கள், பாதி வளைவுகளில் தடுமாறுவீர்கள்.

பேட்டரி! அதைச் சொல்லாமல் கேம் கியர் பேச்சு முடியுமா? பின்னால் எரிந்த குழல்விளக்கு மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்தது. ஆறு பேட்டரி போட்டால் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். ஒரு நிஜ கிராண்ட் பிரி அதிகபட்சம் இரண்டு மணி நேரம் நடக்கலாம் என்பது விதி. ஆக, கேம் கியரில் நிஜ நீளத்துக்கு ரேஸ் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு ரேஸுக்கு ஒரு முறை பிட் ஸ்டாப்! 1991 சீஸனில் 16 ரேஸ். அப்பாவிடம் 48 பேட்டரிக்குக் காசு கேட்கும் தைரியம் எந்தப் பிள்ளைக்கு இருந்திருக்கும்? கேம் பாயோ நான்கே பேட்டரியில் ஒரு நாள் முழுக்க ஓடி, கடைசியில் சந்தையையும் ஜெயித்தது. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடி விற்று 1997இல் ஓய்ந்தது.

இன்று பரணிலிருந்து ஒன்றை எடுத்தால் பெரும்பாலும் திரை மங்கலாக இருக்கும், சத்தம் வராது. உள்ளே இருக்கும் மலிவு கபாசிட்டர்கள் கசிந்துபோவது இந்தப் பெட்டியின் பரம்பரை வியாதி. சால்டரிங் தெரிந்தவர்கள் மாற்றிவிடலாம். மாற்றியதும் நிறங்கள் பளிச்சென்று எழுந்து வரும். 2020இல் செகாவே 'கேம் கியர் மைக்ரோ' என்று கட்டைவிரல் அளவில் ஒரு பொம்மையை ஜப்பானில் விட்டது. 1.15 அங்குலத் திரை! நான்கு நிறத்தில் நான்கு பெட்டி, பெட்டிக்கு நான்கு ஆட்டம். அதில் செகாவின் சொந்தக் கார் ஆட்டமான 'அவுட் ரன்' இருக்கிறது, சென்னா இல்லை. பெயர் போட்டு விற்ற ஆட்டங்களை மறுபடி விற்க வேண்டுமென்றால் பெயருக்கும் மறுபடி அனுமதி வாங்க வேண்டுமே.

சென்னா 1994 மே 1 அன்று இமோலாவில் ரேஸில் மறைந்தார். அந்த வருடமே பிரேசிலில் குழந்தைகளின் கல்விக்காக அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கியது. அவர் பெயரைப் பயன்படுத்த விரும்பும் கம்பெனிகள் தரும் பணத்தில் ஒரு பகுதி அங்கே போகிறது. 2021இல் போர்ட்டோ அலெக்ரே நகரத்து அக்விரிஸ் நிறுவனம், தன் 'ஹொரைசன் சேஸ் டர்போ' ஆட்டத்துக்கு 'சென்னா ஃபாரெவர்' என்ற பகுதியை வெளியிட்டது. பழைய 16-பிட் ரேஸ் ஆட்டங்களின் தோற்றத்தை வேண்டுமென்றே வரவழைத்த ஆட்டம் அது. கையடக்க ஸ்விட்சிலும் ஓடும். சென்னா பிறந்த நாட்டுக்காரர்களே செய்தது என்பதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

எமுலேட்டரிலோ பரண் பெட்டியிலோ அந்தக் காலத்து 8-பிட் ரேஸ் ஆட்டம் ஒன்று கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். நீண்ட வளைவு ஒன்றில் முழு வேகத்தில் புகுந்து, திருப்பும் விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். யாரோ தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோல் கார் வெளிப்பக்கம் சரியும். அதே வளைவில் நத்தை வேகத்தில் போய் மறுபடி விரலை எடுங்கள். தள்ளுவார் யாருமில்லை, கார் சாதுவாக, தானாகவே வளைந்து போகும், ஸ்டியரிங்கை யாரும் தொடாமலே! வேகத்தையும் வளைவையும் பெருக்கி வந்த எண்ணைத்தான் இத்தனை நேரம் எதிர்த்துப் போராடியிருக்கிறீர்கள்.